பயிர் நிலை: பரவாயில்லை

ஜூலை 29

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதா? முளைத்திருந்தால் யாரை முதலில் கடித்தாள் என்று எழுது.

போன் இருக்கும்போது ஏன் காகிதத்தை வீணாக்குகிறாய் என்று கேட்பாய். போன் கூடத்துச் சுவரில் இருக்கிறது. உன் மாமா சரியாக அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நீ என்ன கேட்டாலும் நான் "ம்", "ஆமாம்" என்றுதான் சொல்ல முடியும்.

ஆற்றுக் கரை உடைந்ததைச் செய்தியில் பார்த்திருப்பாய். ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. வீட்டில் மூன்றாவது படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. வயலில் அப்படித் திரும்பவில்லை. இன்னும் இருபது நாளில் பிடுங்க வேண்டிய வெங்காயம் அது.

தண்ணீர் வடிந்த மறுநாளே நிவாரணக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். பாவம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேறு. உன் மாமா அவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார், துண்டு கொடுத்தார், சாப்பிட்டாரா என்று கேட்டார். வந்தவர் பாதையில் நின்றபடியே வயலை ஒரு பார்வை பார்த்தார். மேலே வெங்காயத் தாள் பச்சையாகத்தான் நின்றது. உன் மாமாவின் பக்கம் திரும்பி, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். நான் டீயோடு வந்துகொண்டிருக்கிறேன். உன் மாமா, "பரவாயில்லைங்க" என்றார்.

 வந்தவர் எதையோ எழுதிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

இதைப் பற்றி நீ உன் மாமாவிடம் வாயைத் திறக்காதே. உன்னிடம் சொன்னால் மனசு லேசாகும் என்று எழுதினேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூவரும் சௌக்கியம். சின்னவளுக்கு இரண்டு பல். முதல் கடி எனக்குத்தான், மூக்கில்.

மாமாவை எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்தன்று கார்க் கதவில் விரல் நசுங்கி நின்றார். "என்ன மாமா?" என்றால் "பரவாயில்லை மாப்பிள்ளை, நீ போ, நேரமாகுது" என்றார். கதவைத் திறந்தால்தானே நான் போக முடியும்? மறுநாள் விரல் கட்டைவிரல் பருமனுக்கு வீங்கி இருந்தது. அப்போதும் அதே சொல்தான்.

ஆனால் அக்கா, நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாள் முழுக்க ஊரார் எழுத்தைப் பார்க்கிறேன். ஒரு எழுத்து பிசகினால் என்ன கூத்தெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் "மணமக்களை வாழ்த்த வருக" என்பது "வீழ்த்த வருக" என்று வந்துவிட்டது. நல்ல வேளை, அச்சேறுமுன் என் கண்ணில் பட்டது. அதனால் நிவாரணப் பட்டியல் ஒட்டினார்கள் என்றால் நம் வயலுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்து மாறாமல் எனக்கு எழுது. கவலைப்படாதே. மாமாவிடம் மூச்சு விட மாட்டேன்.

அன்புத் தம்பி


ஆகஸ்ட் 14

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நலம். அங்கும் அவ்வாறே இருக்க விருப்பம். மழை விட்டுவிட்டது. வீடு பரவாயில்லை. நானும் பரவாயில்லை.

போன முறை வந்தபோது, உன் அச்சகத்தை ஒட்டிய கிடங்கில் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னாய். இன்னும் தேடுகிறார்களா? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வேண்டும். வயது ஐம்பத்தொன்று. உடம்பில் பலம் உண்டு. நாணயமானவர். தூக்கம் குறைவு.

சுற்றி வளைப்பானேன், அவர் நான்தான்.

வயலைக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. அடுத்த நடவுக்கு வழி பிறக்காவிட்டால் கொடுத்துவிட்டு வரலாம் என்று எண்ணம். உன் அக்கா இங்கேயே இருப்பாள், மாடுகள் இருக்கின்றன. அவளுக்கு இது இப்போது தெரிய வேண்டாம். நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தைக்கு என் ஆசிகள்.
மாமா


செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலத்துக்குக் குறைவில்லை. நீங்கள் நலம்தானே? உன் கையெழுத்தைப் பார்த்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

கூட்டுறவுச் சங்கத்துப் பலகையில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நீ சொன்னபடி எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "பயிர்: வெங்காயம். பயிர் நிலை: பரவாயில்லை (விவசாயி கூறியபடி). சேதம்: இல்லை. நிவாரணம்: இல்லை." கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்டுக்காரருக்கு வந்திருக்கிறது. அவர் கணக்கெடுக்க வந்தவர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வயலும் போனது உண்மைதான். நம் வயலும் போனதே.

முப்பது நாளுக்குள் மறுபரிசீலனை மனு கொடுக்கலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. உன் மாமாவிடம் சொன்னேன். "சொன்னது நான்தானே? ஒரு தடவை ஒண்ணு, மறு தடவை இன்னொண்ணு சொன்னா என்னை என்னன்னு நினைப்பாங்க?" என்கிறார். மேலே பேசினால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார். மாடுகள் இந்த மாதம் குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை.

வயலில் மணல் ஏறிக் கிடக்கிறது. அதை அள்ளாமல் நடவு இல்லை. விதையும் வாங்க வேண்டும். நிவாரணம் வந்தால் இரண்டும் நடக்கும், வராவிட்டால் எதுவும் நடக்காது.

நேற்றுப் பார்த்தேன், பரணிலிருந்து பழைய பயணப் பையை எடுத்து அறுந்த பிடியைத் தைத்துக்கொண்டிருந்தார். "எதுக்கு?" என்றேன். "சும்மாதான், எலி கடிச்சிருந்துது" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா


செப்டம்பர் 7

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருப்பதாகத்தான் சொல்வீர்கள், அதனால் கேட்கவில்லை.

கிடங்கு மேலாளரிடம் பேசினேன். இடம் காலியாகத்தான் இருக்கிறது. அக்டோபர் முடிவதற்குள் உறுதியாகச் சொல்லிவிட வேண்டுமாம். அதுவரை பிடித்து வைக்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை மாமா, சொல்லிவிட்டேன்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. அச்சகத்துக்குப் பயிர்க் கையேடு ஒன்று வந்திருக்கிறது. அதில் "வெங்காயம் வெள்ளத்தைத் தாங்கும் பயிர், தண்ணீர் வடிந்ததும் தாள் பச்சையாக இருந்தால் சேதம் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் படித்தவர். எனக்கோ வெங்காயத்தைச் சாப்பிட மட்டும்தான் தெரியும். இது சரியா, தவறா? தவறென்றால் ஏன் என்று விவரமாக எழுத முடியுமா? நாலு பேர் படிக்கிற புத்தகம்.

அன்பு மாப்பிள்ளை


செப்டம்பர் 15

தம்பி,

நலம், நலமா எல்லாம் இருக்கட்டும். நான் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? எனக்கு ஒரு வரி இல்லை, உன் மாமாவுக்கு மட்டும் கடிதம் வந்திருக்கிறது. என்ன என்று கேட்டால் "வெங்காயம்" என்கிறார். நாலு நாளாக மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார், அடிக்கிறார், கிழிக்கிறார். "எவனோ படிச்ச முட்டாள்" என்று முணுமுணுக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. ஆனால் முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது. என்ன மாயம் செய்தாய்?

மனு கொடுக்க நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாபகம் இருக்கட்டும்.

அக்கா


செப்டம்பர் 17

மாப்பிள்ளைக்கு,

நலம். உன் கடிதம் கண்டேன். அந்த வரியை எழுதியவர் வெங்காயத்தைத் தட்டில் மட்டும் பார்த்தவர். அதை உடனே அடித்துவிடு.

வெங்காயத்துக்கு மூச்சு முட்டுவது கீழே. தண்ணீர் நின்ற இரண்டாம் நாளே வேர் திணறும். நாலாம் நாள் வேர் பழுப்பாகி வழுக்கும். மேலே தாளுக்கு இது தெரியாது. கிழங்கில் சேர்த்து வைத்திருப்பதைத் தின்று அது பச்சையாகவே நிற்கும். பார்க்கிறவர் தாளைப் பார்த்து ஏமாறுவார்.

எங்கள் வயலில் ஒன்பது நாள் நின்றது. வடிந்த அன்றே மேற்கு ஓரத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். தாள் மட்டும் கையோடு வந்தது, கிழங்கு மண்ணில் தங்கிவிட்டது. தோண்டி எடுத்தேன். வெளித்தோல் இரண்டு சுற்று கூழாக இருந்தது. நடுவில் அமுக்கினால் தண்ணீர் வந்தது. சரி, இது ஓரம் என்று நடுவயலில் பத்து இடம் பார்த்தேன். கிழக்கே மேட்டில் பத்து இடம். இருபதில் ஒன்றுகூடத் தேறவில்லை. வடிந்த ஐந்தாம் நாள் தாள் நுனியிலிருந்து மஞ்சளானது. எட்டாம் நாள் வயல் முழுக்கப் படுத்துவிட்டது. அந்த நாற்றம் வீட்டுக்குள் வராமலிருக்க உன் அக்கா இரண்டு வாரம் வடக்கு ஜன்னலைத் திறக்கவில்லை.

வண்டல் வந்திருந்தால் அடுத்த பயிருக்காவது நல்லது. வந்தது கரை உடைப்பின் பருமணல். எங்கள் வயலில் ஒரு சாண். அதில் எதுவும் பிடிக்காது, நடவுக்கு முன் அள்ளியாக வேண்டும்.

இத்தனையும் கையேட்டில் போட இடம் இருக்காது. போட்டால் என் பெயர் வேண்டாம். ஆனால் தவறாக அச்சாக விடாதே, எவனாவது நம்பிக் கெடுவான்.

கிடங்கு விஷயம் நினைவிருக்கட்டும்.

மாமா
(கையெழுத்து)


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்பதைவிட உன் திட்டு வாங்க ஆவல். பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. உன்னிடம் பொய் எழுத வராது, உண்மையை எழுத எனக்கு உரிமையில்லை. அதனால் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் நீ என்னைக் கேட்காதே. மாமாவிடமே கேள்.

மற்றதைச் சொல்கிறேன். கையேடு எதுவும் இல்லை. அப்படி ஒரு வரியும் இல்லை. மாமாவிடம் "உங்கள் கஷ்டத்தை எழுதுங்கள்" என்றால் ஒரு சொல் வராது. "வெங்காயத்தைப் பற்றி ஒருவன் தப்பாகச் சொல்கிறான்" என்றால் நாலு நாள் உட்கார்ந்து எழுதுவார். எழுதியிருக்கிறார். படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை அக்கா. இருபது இடம் தோண்டிப் பார்த்திருக்கிறார். உனக்குத் தெரியுமா?

இத்துடன் அவர் கடிதமும் நான் எழுதிய மறுபரிசீலனை மனுவும் இருக்கின்றன. கையெழுத்துக்கு மேலே உள்ள கிடங்கு வரி வேறு விஷயம், அதை மடித்து மறைத்து நகலெடுத்து மனுவோடு வை. நிலம் உங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது, நீ கையெழுத்துப் போட்டால் செல்லும். நேரில் போய்க் கொடுத்து ரசீது வாங்கிவிடு. மாமாவிடம் பழியை என் மேல் போடு.

தம்பி


அக்டோபர் 13

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். நீங்களும் அப்படியே இருங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நீ அனுப்பியது வந்த மறுநாளே மனுவைக் கொடுத்தேன். கிடங்கு வரியை மறைத்தேன். நான் அதைப் பற்றி உன்னைக் கேட்கவில்லை, கவனித்தாயா?

விசாரணைக்கு நாள் போட்டு உன் மாமா பேருக்குக் கடிதம் வந்தது, அவர் கடித நகலோடு. படித்தார். என்னைப் பார்த்தார். இரண்டு நாள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, "கிளம்பு, கூப்பிட்டிருக்காங்களே, போகாம இருந்தா மரியாதையில்லை" என்றார்.

அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு அம்மாள். பக்கத்தில் நம் வீட்டுக்கு வந்த அதே கணக்கெடுப்புக்காரர். அந்த அம்மாள் கடிதத்தை நீட்டி, "இது நீங்க எழுதினதுதானா?" என்று கேட்டார். "ஆமாங்க." "இதுல இருக்கிறதெல்லாம் உண்மையா?" உன் மாமாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "வெங்காயத்தைப் பத்தி நான் எதுக்குங்க பொய் சொல்றேன்?" என்றார்.

"அப்ப அன்னைக்கு இவர் கேட்டப்போ ஏன் பரவாயில்லைன்னு சொன்னீங்க?"

உன் மாமா கணக்கெடுப்புக்காரரைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "இவர் என் முகத்தைப் பார்த்து எப்படிங்க இருக்குன்னுதான் கேட்டார். நான் என்னைக் கேக்கறார்னு நினைச்சேன். வெங்காயத்தைக் கேட்டிருந்தா வெங்காயத்தைச் சொல்லியிருப்பேனே" என்றார்.

 அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கெடுப்புக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்த ஊர்ல இன்னும் நாலு பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கேன் மேடம்" என்றார். அந்த நாலு வயலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அன்று பிற்பகலே வந்தார். இந்த முறை பாதையில் நிற்கவில்லை. வயலில் இறங்கிக் குச்சியை விட்டு மணலை அளந்தார். கடிதத்தில் இருந்த அதே ஒரு சாண். அழுகிக் காய்ந்த தோல்களைத் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது, "பட்டியல் திருத்தி வந்துடும், கையெழுத்துதான் பாக்கி" என்று சொன்னார். உன் மாமா அவரை டீ குடிக்காமல் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "உன் தம்பி சரியான கள்ளன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பை மட்டும் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அவராகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன்.

அக்கா


அக்டோபர் 18

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் நலம், ஒருவனுக்கு மட்டும் உங்களை நினைத்தால் கொஞ்சம் நடுக்கம்.

இல்லாத கையேட்டைச் சொல்லி உங்களை ஏமாற்றினேன். தப்புதான். கண்டபடி திட்டி எழுதுங்கள், பிழை திருத்தாமல் படிக்கிறேன்.

கிடங்கு மேலாளர் நேற்று மறுபடி கேட்டார். மாதக் கடைசிக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் எதைச் சொன்னாலும் அப்படியே சொல்கிறேன். ஆனால் ஒன்று. பதில் எனக்கு வருமுன் அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னால் இதற்கு மேல் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

மாப்பிள்ளை


அக்டோபர் 27

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். குழந்தை எத்தனை பல்லில் இருக்கிறாள்?

கிடங்கில் இல்லை என்று சொல்லிவிடு. திருத்திய பட்டியலில் நம் பேர் வந்து, வியாழக்கிழமை பணமும் வங்கிக்கு வந்துவிட்டது. மணல் அள்ள நாளை காலை டிராக்டர் வருகிறது. குத்தகை கேட்டவரிடமும் சொல்லியாகிவிட்டது. மேலாளருக்கு என் நன்றியைச் சொல். இரண்டு மாதம் காத்திருந்தது பெரிய விஷயம்.

நீ செய்தது தப்புதான். அதை இத்தோடு விட்டேன்.

உன் அக்காவிடம் நேற்றுச் சொன்னேன். அவள் எனக்கு டீ வைத்துவிட்டு விளக்குமாற்றோடு கூடத்தில் இருந்தாள். காவல் வேலைக்கு எழுதினது, குத்தகை பேசினது, பை தைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பயமா இருந்துதா?" என்று கேட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் என்ன கேட்டாலும் நான் சொல்கிற பதில் உனக்கே தெரியும். அது வாய் வரைக்கும் வந்தது. எப்படியோ, "ஆமா, ரொம்பப் பயமா இருந்துது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும்தான். நீங்க தைரியமா இருக்கீங்களேன்னு நான் வாயைத் திறக்கலை" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், டீ ஆறிப்போனது.

மூன்று மாதமாக ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம் மாப்பிள்ளை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேர்ந்தாவது பயந்திருப்போம்.

மாமா